உப்பு ஜாடி எந்தப் பக்கம்?

1

இந்தக் கதையை ஒரு சமையலறை வாசலில் நின்று, காபி குடித்தபடி, கண்ணால் எடுத்து வந்தேன். அதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது.

மாமனாரின் அறுபதாம் கல்யாணத்துக்கு நாள் கேட்க ஒரு குருக்கள் வீட்டுக்குப் போயிருந்தேன். குருக்கள் இன்னும் கோயிலிலிருந்து வரவில்லை. அவர் மனைவி எனக்குக் காபி கொடுத்துவிட்டு அடுப்பைப் பார்த்துக்கொண்டே பேசினார். பேச்சின் நடுவில் ரசத்தில் உப்பைப் போட்டார். போட்ட கையோடு ஜாடியை அடுப்புக்கு வலப்பக்கத்திலிருந்து இடப்பக்கம் நகர்த்தினார். அந்தப் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

எனக்குக் கேட்காமல் இருக்க முடியாது. கேட்டேன்.

"எங்க வீட்ல சாமிக்குக் காட்டறதுக்கு முன்னாடி யாரும் ருசி பாக்கக் கூடாதுங்க. சமைக்கறது நானும் மாமியாரும். ஒருத்தர் உப்பு போட்டாச்சானு இன்னொருத்தருக்கு எப்படித் தெரியும்? ஜாடி வலப்பக்கம் இருந்தா போடல. இடப்பக்கம் போயிட்டா போட்டாச்சு. பாத்திரம் இறங்கினதும் ஜாடி திரும்ப வலப்பக்கம் வந்துடும்."

அதன் பிறகு குருக்கள் வந்தார், நாள் சொன்னார், நான் தலையாட்டினேன். ஆட்டோவில் வேங்கிக்காலில் எங்கள் வீட்டு வாசலில் வந்து இறங்கும்போது அவர் சொன்ன நாள் சுத்தமாக மறந்துபோயிருந்தது. ஜாடி மட்டும் நினைவிருந்தது. என்றாவது ஒருநாள், இந்த வழக்கம் தெரியாத யாரோ ஒருவர் அந்த ஜாடியை நகர்த்தத்தான் போகிறார் என்று தோன்றியது.

அந்த யாரோ யார்? அதைக் கண்டுபிடிக்க உட்கார்ந்ததுதான் இது.

2

முதல் வரிகள் சில எழுதிப் பார்த்தேன். அழிக்க மனமில்லாமல் இங்கேயே விட்டுவைக்கிறேன்.

"கவிநிலா பேருந்திலிருந்து இறங்கியபோது மலை அவளைப் பார்த்து"

நிறுத்திவிட்டேன். இந்தத் திருவண்ணாமலையில் கதை எழுதுகிற எல்லோரும் மலையை வேலை வாங்குகிறோம். அது பார்க்கிறது, அழைக்கிறது, ஆசீர்வதிக்கிறது. இந்தக் கதையில் அதற்கு விடுமுறை.

"அன்று விடியும் முன்பே எழுந்துவிட்ட ஹைமவதி"

இதையும் விட்டேன். குடும்ப நாவல் எழுதிப் பிழைப்பவள் நான். என் கதாநாயகிகள் எல்லோரும் விடியும் முன்பேதான் எழுந்திருக்கிறார்கள். ஒருத்தியாவது தூங்கட்டும்.

"செவ்வாய்க்கிழமை கவிநிலா ஓர் ஊரைத் தேர்ந்தெடுக்க வேண்டும். அதனால் ஞாயிற்றுக்கிழமை ஹைமவதி பிட்லை வைத்தாள்."

இதை சரசுவிடம் படித்துக் காட்டினேன். சரசு கலெக்டர் ஆபீஸில் வேலை பார்க்கிறவள், எங்கள் வீட்டுக்கு இரண்டு வீடு தள்ளி இருப்பவள், நான் எழுதுவதை முதலில் படிப்பவள். இதுவரை பாராட்டியதாக நினைவில்லை. இந்த வரி முடிந்ததும் அடுத்த பக்கத்தைக் கேட்டாள். எனவே கதை இங்கிருந்து தொடங்குகிறது.

3

ஹைமவதிக்கு முப்பத்து மூன்று வயது. இந்த ஊரிலேயே பிறந்து, நான்கு தெரு தள்ளி வாழ்க்கைப்பட்டவள். கணவன் ஸ்கந்தன் கோயிலில் குருக்கள். மாமியார் ராஜராஜேஸ்வரி. இரண்டு பக்கமும் சொந்தம் நிறைந்த ஊர். அத்தை, சித்தி, நாத்தனார், எல்லோரும் கூப்பிடு தூரத்தில் இருக்கிறார்கள். அவள் உரிமையோடு 'டீ' போட்டுக் கூப்பிட மட்டும் ஒருத்தியும் இல்லை.

அந்த ஒருத்தி கவிநிலா. பக்கத்துக் கீழ்பென்னாத்தூரில் நெல்லும் வேர்க்கடலையும் போடுகிற வீட்டுப் பெண். இருவரும் ஒரே கல்லூரி, ஒரே பெஞ்ச். மதியம் ஹைமவதியின் டிபன் பாக்ஸைத் திறந்ததும் முதல் வாயை எடுத்துப் போட்டுக்கொண்டு தீர்ப்புச் சொல்வாள். உப்பு கம்மி. புளி ஜாஸ்தி. இன்னைக்கு உங்கம்மா எதையோ யோசிச்சிட்டே சமைச்சிருக்காங்க. ருசி பார்க்காமல் சமைத்த சாப்பாட்டுக்கு அவள்தான் முதல் நாக்கு. பிட்லை வந்த நாட்களில் மட்டும் தீர்ப்பு வராது, பாக்ஸ் காலியாகித்தான் திரும்பும்.

[பிட்லை தெரியாதவர்களுக்கு: கத்திரிக்காய், கொண்டைக்கடலை, துவரம்பருப்பு, வறுத்தரைத்த தேங்காய். சாம்பாருக்கு அக்கா என்று வைத்துக்கொள்ளுங்கள்.]

இப்போது கவிநிலா தர்மபுரி மாவட்டத்தில் அரசுப் பள்ளி ஆசிரியை. செவ்வாய்க்கிழமை அவளுக்கு இடமாறுதல் கலந்தாய்வு. அவள் சென்னைக்குப் போய் வரிசையில் நிற்பதாக எழுதியிருந்தேன். சரசு தலையில் அடித்துக்கொண்டாள். "எந்தக் காலத்துல இருக்க நீ? இப்பல்லாம் அவங்க மாவட்டத்துலயே கம்ப்யூட்டர் முன்னாடி உக்கார வெச்சிடுவாங்க. காலியிடம் ஸ்கிரீன்ல வரும். ஒண்ணத் தொட்டா ஆர்டர் கைல வந்துடும்."

சரி. ஸ்கிரீனில் இரண்டு இடங்கள் வரும். ஒன்று திருவண்ணாமலை. இன்னொன்று கோயம்புத்தூர்.

ஹைமவதிக்கு அவள் திருவண்ணாமலையைத் தொட வேண்டும். அவ்வளவுதான் இந்தக் கதை. ஆனால் கவிநிலா போனில் சொன்னது வேறு. "கோயம்புத்தூர் எடுக்கலாம்னு இருக்கேன்டி. தர்மபுரில இருக்கும்போதே எங்கம்மா வாரத்துக்கு ஒரு மாப்பிள்ளை போட்டோ அனுப்பறாங்க. பக்கத்துல வந்துட்டா மாப்பிள்ளையையே அனுப்பிடுவாங்க."

ஹைமவதி சிரித்தாள். போனை வைத்த பிறகு சிரிப்பு நின்றது. எனக்காக வா என்று எப்படிக் கேட்பது? அவளுடைய வேலை, அவளுடைய வாழ்க்கை. அதனால் ஞாயிற்றுக்கிழமை மதியம் சாப்பிட வா என்று மட்டும் கேட்டாள்.

4

சாப்பாட்டில் என்னென்ன? பிட்லை, எலுமிச்சை ரசம், வாழைப்பூ உசிலி, சேனை வறுவல், பால் பாயசம். வெங்காயம், பூண்டு கிடையாது.

[முதலில் அடை, வடை, போளி எல்லாம் சேர்த்திருந்தேன். எழுதுகிறவளுக்கு அடுப்பு ஒரு பொருட்டா? பிறகு ஹைமவதிக்கு இரண்டு கைதான் என்பது ஞாபகம் வந்து குறைத்தேன்.]

வியாழக்கிழமையே கொண்டைக்கடலை வாங்கியாகிவிட்டது. சனிக்கிழமை கத்திரிக்காய். முட்கத்திரிக்காய்தான் வேண்டுமென்று இரண்டு கடை ஏறி இறங்கினாள். மாமியார் வாழைப்பூவை மட்டும் தானே எடுத்து வைத்துக்கொண்டு கள்ளன் நரம்பை ஆய்ந்து கொடுத்தார்.

5

[இந்தப் பகுதியை எடுத்துவிட்டேன். பத்திரிகை ஆசிரியர் போன் செய்து, எல்லாம் சரி, காதல் எங்கே என்று கேட்டார். அதனால் ஸ்கந்தனுக்கு அருணேஷ் என்று ஒரு தம்பியைச் செய்தேன். பெங்களூரில் வேலை, நல்ல உயரம், பைக். தேங்காய் வாங்கிக்கொண்டு உள்ளே வந்து கவிநிலாவைப் பார்த்ததும் தேங்காயைத் தவறவிட்டான். சரசு ஓரத்தில் எழுதினாள்: "இவன வெளிய அனுப்பு. அடுப்புல பிட்லை இருக்கு." அனுப்பிவிட்டேன். தேங்காயை மட்டும் வைத்துக்கொண்டேன், அரைக்க வேண்டுமே. ஆனால் இது காதல் கதை இல்லை என்று யாரும் சொல்ல வேண்டாம். ஒரு சிநேகிதிக்காக இரண்டு கடை ஏறி இறங்கிக் கத்திரிக்காய் பொறுக்குவதற்கு வேறு என்ன பெயர்?]

6

இங்கே கொஞ்சம் தயங்குகிறேன். ஜாடியை நகர்த்தக் கவிநிலா சமையலறைக்குள் போயாக வேண்டும். அவள் போவாளா?

இந்த வீட்டுக்கு அவள் முன்பும் வந்திருக்கிறாள். கூடத்தில் நாற்காலி, கையில் காபி, ராஜராஜேஸ்வரியின் விசாரிப்பு, கிளம்பும்போது குங்குமம். மரியாதைக்கு ஒரு குறையும் இருந்ததில்லை. ஆனால் சமையலறை வாசலைத் தாண்டச் சொல்லி யாரும் கூப்பிட்டதும் இல்லை, அவள் தாண்டியதும் இல்லை. வரக் கூடாது என்று யாரும் சொல்லாமலே எல்லோருக்கும் தெரிந்திருந்த ஒரு கோடு அது. அதைப் பற்றி எட்டுப் பத்தி எழுதலாம். என் நாவல் ஒன்றில் எழுதியும் இருக்கிறேன், கதாநாயகி நீளமாகப் பேசினாள். இங்கே யாரும் பேசப் போவதில்லை. பாலைத்தான் பொங்க விட வேண்டும்.

7

கவிநிலா சொன்ன நேரத்துக்கு முன்னதாகவே வந்தாள். செங்கம் வழியாக வந்த பஸ் ஆச்சரியமாகச் சீக்கிரம் வந்துவிட்டது. ஆசிரமம் பக்கத்திலேயே இறங்கி ஆட்டோ பிடித்திருந்தாள்.

ஹைமவதி அப்போதுதான் பிட்லையில் உப்பைப் போட்டு ஜாடியை இடப்பக்கம் நகர்த்தியிருந்தாள். பக்கத்து அடுப்பில் பாயசத்துக்குப் பால். வாசலில் குரல் கேட்டதும் கரண்டியோடு ஓடினாள். மாமியார் குளித்துக்கொண்டிருந்தார். இருவரும் வாசலில் நின்று ஒருத்தியை ஒருத்தி ரொம்ப இளைத்துவிட்டாய் என்று சொல்லிக்கொண்டார்கள். இரண்டும் பொய்.

"ஹைமா, பால்டி."

முதலில் பார்த்தவள் கவிநிலா. முதலில் ஓடியவளும் அவள்தான். பையைக் கூடத்தில் போட்டுவிட்டு, ஒரே எட்டில் உள்ளே போய் அடுப்பை அணைத்தாள். பால் மேடையெல்லாம் ஓடியிருந்தது. துணி எங்கே என்று கேட்டாள். ஹைமவதி எடுத்துக் கொடுத்தாள். இருவருக்குமே அந்த வாசல் ஞாபகம் வரவில்லை.

இப்போது எனக்கு ஹைமவதி உள்ளே இருக்கக் கூடாது. வாழை இலை அறுக்கக் கொல்லைக்கு அனுப்புகிறேன். கவிநிலா மேடையைத் துடைத்தாள். இடப்பக்கம் இருந்த உப்பு ஜாடியைத் தூக்கி, அடியில் ஒட்டிய பாலைத் துடைத்து, சுவரோரமாக வலப்பக்கம் வைத்தாள். பார்க்க அங்கேதான் அழகாக இருந்தது. பிறகு கைகால் கழுவப் போனாள்.

ராஜராஜேஸ்வரி குளித்துவிட்டு வந்தார். பிட்லை கொதித்துக்கொண்டிருந்தது. ஜாடி வலப்பக்கம். மருமகள் சிநேகிதியைப் பார்த்த சந்தோஷத்தில் மறந்துவிட்டாள் போல என்று நினைத்துக்கொண்டு, உள்ளங்கை நிறையக் கல்லுப்பைப் போட்டார். ஜாடியை இடப்பக்கம் நகர்த்தினார். விளக்கேற்றப் பூஜை அறைக்குப் போனார்.

இந்த வீட்டில் இப்போது எல்லாமே சரியாக இருக்கிறது. ஜாடி இருக்க வேண்டிய இடத்தில் இருக்கிறது. பிட்லையில் உப்பு இரண்டு பங்கு என்பது உங்களுக்கும் எனக்கும் மட்டும்தான் தெரியும். நாம் சொல்ல முடியாது. இப்படியே விட்டால் இந்தப் பிட்லை சாமிக்குப் போகும், பிறகு இலைக்கு வரும், கவிநிலா ஒரு வாய் வைத்துவிட்டு நட்புக்காக விழுங்குவாள். செவ்வாய்க்கிழமை கோயம்புத்தூர்.

8

"பிட்லைய ஒரு தடவ கிளறி விடுடி, அடிப்பிடிச்சிடும்." கொல்லையிலிருந்து ஹைமவதி.

கவிநிலா மறுபடி உள்ளே வந்து கிளறினாள். கீழ்பென்னாத்தூரில் அவள் அம்மா எப்படிச் செய்வாளோ அப்படியே, யோசிக்காமல், கரண்டியிலிருந்து இரண்டு சொட்டு உள்ளங்கையில் விட்டு நக்கிப் பார்த்தாள்.

வாசலில் நைவேத்தியத் தட்டோடு ராஜராஜேஸ்வரி நின்றிருந்தார். பின்னாலேயே இலைக்கட்டோடு ஹைமவதியும் வந்து சேர்ந்தாள்.

வரைவு அ: "'அபசாரம்' என்று அலறினார் ராஜராஜேஸ்வரி. கையிலிருந்த தட்டு கீழே"

இல்லை. தட்டு விழுவதெல்லாம் டிவியில்தான். அந்தத் தட்டை அவர் ஒருநாளும் கீழே போட மாட்டார்.

வரைவு ஆ: "கவிநிலாவின் கண்கள் கலங்கின. ராஜராஜேஸ்வரி அவளை வாரி அணைத்து, நீயும் என் பெண்தானே என்று"

சரசுவின் குறிப்பு: "ரெண்டு சொட்டு குழம்புக்கு இவ்ளோவா?"

இங்கேயே நின்றுவிட்டேன். ராஜராஜேஸ்வரி என்ன செய்வார் என்று எனக்குத் தெரியவில்லை. கடைசியில் அந்தக் குருக்கள் வீட்டுக்கே போன் செய்தேன். காரணம் கையில் இருந்தது, மறந்துபோன நாளை மறுபடி கேட்க வேண்டுமே. அந்த அம்மாள் நாளைச் சொன்னார். எழுதிக்கொண்டேன். பிறகு மெதுவாக, யாராவது தெரியாமல் ருசி பார்த்துவிட்டால் என்ன செய்வீர்கள் என்று கேட்டேன்.

"என்ன பண்றது, அத மட்டும் விட்டுட்டு மத்தத சாமிக்குக் காட்ட வேண்டியதுதான்" என்றார். "ஆனா நான் கேட்டுக்குவேங்க. எப்படி இருக்குனு."

போனை வைத்துவிட்டு ஓடி வந்து இதை எழுதினேன்:

கவிநிலாவுக்கு அப்போதுதான் உறைத்தது. கை அந்தரத்தில் நின்றது. மாமி, தெரியாம, பழக்கத்துல, என்று ஏதோ ஆரம்பித்தாள். ஹைமவதி இலைக்கட்டை மார்போடு அணைத்துக்கொண்டு மாமியாரின் முகத்தையே பார்த்தாள். இத்தனை நாள் யோசித்து வைத்த விருந்து இந்த ஒரு நொடியில் தொங்கிக்கொண்டிருந்தது.

ராஜராஜேஸ்வரி கேட்டார். "எப்படி இருக்கு?"

"மாமி?"

"கேக்கறேனே. வாய்ல வெச்சுட்டியோன்னோ, சொல்லு. கம்மியா, ஜாஸ்தியா?"

கவிநிலா ஹைமவதியைப் பார்த்தாள். டிபன் பாக்ஸ் காலத்துப் பழக்கம் வாயை மூட விடவில்லை. "ஜாஸ்தி மாமி. ரொம்பவே ஜாஸ்தி. ரெண்டு பேரும் போட்டீங்களா?"

"நான் போட்டேன்" என்றாள் ஹைமவதி.

"நானும் போட்டேன். ஜாடி வலப்பக்கம்னா இருந்தது."

இரண்டு பேரும் ஜாடியைப் பார்த்தார்கள். கவிநிலாவும் பார்த்தாள். பால் துடைக்கும்போது தான்தான் அதைத் தூக்கி அந்தப் பக்கம் வைத்ததாக மெல்லச் சொன்னாள். அது என்ன பக்கக் கணக்கு என்று கேட்டாள். ஹைமவதி விளக்கினாள்.

ராஜராஜேஸ்வரி முதலில் மூக்கால் சிரித்தார். பிறகு தட்டை மேடையில் வைத்துவிட்டுச் சிரித்தார். "இவ மட்டும் நக்கிப் பாக்கலேன்னா இந்தக் கடல் தண்ணியச் சாமிக்குக் காட்டியிருப்பேன்" என்றார்.

தீர்ப்பும் அவரே சொன்னார். கரண்டி வாயில் படவில்லை, கையில் விட்டுத்தான் குடித்தாள், எனவே பிட்லை நமக்கு ஆகும். சாமிக்கு இன்றைக்குச் சாதம், பருப்பு, நெய், பாயசம் போதும். பிட்லை அவருக்கு நாளைக்குத் தனியாக.

[சாஸ்திரப்படி இது சரியா என்று எழுதிக் கேட்காதீர்கள். ராஜராஜேஸ்வரியிடம் கேளுங்கள்.]

9

பிட்லையைக் காப்பாற்றியது கவிநிலா. இன்னொரு பங்கு பருப்பு வேக வைத்து, தேங்காய் அரைத்து, புளியைக் கொஞ்சம் தூக்கி. ஒவ்வொன்றும் சேர்ந்த பிறகு ராஜராஜேஸ்வரி, "இப்போ?" என்று கேட்டார். கவிநிலா உள்ளங்கையில் விட்டுப் பார்த்து, இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்றாள். பிட்லை பெரிய பாத்திரத்துக்கு மாறியது. தெருவுக்கே கொடுக்கலாம் போல் பெருகியது.

உச்சிகால பூஜை முடித்து ஸ்கந்தன் பசியோடு வந்தான். இலை போட்டாயிற்று. பிட்லை விழுந்ததும், சாதத்தில் கையே வைக்காமல், "பிரமாதம்" என்றான்.

மூன்று பெண்களும் சிரித்த சிரிப்புக்கு அவனுக்குக் காரணம் தெரியவில்லை. இன்னும் தெரியாது. நானும் சொல்லவில்லை.

"இப்படித்தான்டி இந்த ஆத்துல" என்று ராஜராஜேஸ்வரி கவிநிலாவிடம் சொன்னார். "எதைப் போட்டாலும் பிரமாதம்னு சொல்லிட்டு எழுந்து போயிடுவா. இவன் அப்பாவும் அப்படித்தான். நாங்க ரெண்டு பேரும் நன்னா சமைக்கறோமா இல்லையானு எங்களுக்கே தெரியாது. சொல்றதுக்கு ஒருத்தி வேணும்."

ஹைமவதி கேட்க வேண்டியதை ஒரு வாரமாக மனதுக்குள் சொல்லிப் பார்த்திருந்தாள். பள்ளிக்கூடம் பக்கத்திலேயே வீடு பார்க்கலாம், மாப்பிள்ளை போட்டோக்களை நான் பார்த்துக்கொள்கிறேன், உன் அம்மாவிடம் நானே பேசுகிறேன். நன்றாகக் கோத்து வைத்த வாக்கியங்கள். நானே எழுதிக் கொடுத்தவை. பாயசக் கிண்ணத்தோடு குனிந்தபோது ஒன்றுகூட வரவில்லை.

"வந்துடேன்டி" என்றாள்.

கவிநிலா பாயசத்தை இலையில் வாங்கிக்கொண்டாள். நிதானமாகச் சாப்பிட்டு முடித்தாள். பிறகு இலையை மடித்தாள்.

எந்தப் பக்கமாக மடித்தாள் என்று சொல்ல மாட்டேன். சொன்னால் கண்டுபிடித்துவிடுவீர்கள்.

10

மூன்று முடிவுகள் எழுதினேன். ஒன்றில் கவிநிலா திருவண்ணாமலையைத் தொடுகிறாள், போனில் இரண்டு பேரும் அழுகிறார்கள். ஒன்றில் கோயம்புத்தூரைத் தொடுகிறாள், மாதம் ஒரு ஞாயிறு வந்து உப்புப் பார்த்துவிட்டுப் போகிறாள். மூன்றாவதில் கம்ப்யூட்டர் நின்றுபோய்க் கலந்தாய்வு தள்ளிப்போகிறது. "இதுதான் நிஜத்துல நடக்கும்" என்றாள் சரசு. அவளுக்குப் பிடித்த முடிவு அது ஒன்றுதான்.

மூன்றையும் கிழித்துவிட்டேன். என்னிடம் மிச்சமிருப்பது ஞாயிறு மாலை மட்டும்.

கவிநிலா பஸ்ஸுக்குக் கிளம்ப வேண்டும். ஒரு தூக்கில் பிட்லை, மூடி திறக்காமலிருக்கத் துணி கட்டி. தூக்கு அவளுடையது அல்ல, ராஜராஜேஸ்வரியுடையது. திருப்பிக் கொண்டுவந்து கொடுத்தாக வேண்டும் என்று அவர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். கிளம்பும் முன் கவிநிலா தானாகவே சமையலறைக்குள் போனாள். யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. மேடையைத் துடைத்தாள். இடப்பக்கம் இருந்த ஜாடியைக் கையில் எடுத்துக்கொண்டு நின்றாள்.

"ஹைமா, பாத்திரமெல்லாம் இறக்கியாச்சு. இப்ப இது எந்தப் பக்கம்டி வரணும்?"

"வலப்பக்கம்."

வைத்தாள். கொஞ்சம் தள்ளி நின்று பார்த்து, ஒரு விரலால் சரிசெய்தாள்.

அவ்வளவுதான். செவ்வாய்க்கிழமையை நான் எழுதவில்லை. ஸ்கிரீனில் இரண்டு ஊர்கள் காத்துக்கொண்டிருக்கின்றன, விரலை யாராவது நகர்த்த வேண்டும். நான் ருசி பார்க்காமல்தான் இதுவரை சமைத்தேன், கம்மியா ஜாஸ்தியா என்று எனக்குத் தெரியாது.

ஜாடி வலப்பக்கம் இருக்கிறது. அதற்கு என்ன அர்த்தம் என்று உங்களுக்குத் தெரியும். கையைக் கழுவிக்கொண்டு உள்ளே வாருங்கள்.